வெள்ளையைச் சுவர்ப் பக்கம் திருப்பாதீர்கள்

தமிழ்நாட்டு மரத்தச்சர்கள் அனைவருக்கும்,



வாசக்கால் சட்டத்தின் எந்த முகம் வெளியே தெரிய வேண்டும், எந்த முகம் சுவருக்குள் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். பொறியாளர் அதைக் கேட்பதில்லை. கொத்தனாருக்கு அது அவருடைய வேலை இல்லை. வீட்டுக்காரர் மரவாடியில் பணம் கட்டியதோடு நிம்மதியாகிவிடுகிறார். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் முடிந்து நிலை நிறுத்தும்போது, அந்தச் சட்டத்தின் முதுகில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். அந்த முதுகைப் பற்றித்தான் இந்த மடல்.

வைரம் நன்றாக நிறம் கட்டிய முகத்தை வெளியே வைத்து, ஓரத்தில் வெள்ளை ஓடிய முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவது பல பட்டறைகளில் வழக்கம். பார்வைக்கு அது சரிதான். வீட்டுக்காரர் முகம் கோணாது, பாலிஷும் ஒரே நிறமாக எழும்பும். ஆனால் கறையான் வாசல் வழியாக வருவதில்லை. அஸ்திவாரத்து மண்ணிலிருந்து ஏறி, தரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மயிரிழை வெடிப்பில் நுழைந்து, பூச்சுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, சட்டத்தின் முதுகைத்தான் முதலில் தொடுகிறது. அது எதைத் தேடி வருகிறதோ, அதை அது வரும் வழியிலேயே நாம் வைத்துக் கொடுக்கிறோம். முன்பக்கம் பாலிஷ் மின்னிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வீட்டைக் கழுவும்போது துடைப்பக்கட்டை பட்டு, நிலையின் அடிப்பகுதி பொக்கென்று உள்ளே போகும்.

பூச்சி மரத்தை எப்படித் தின்கிறது, எதைத் தின்ன மறுக்கிறது என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. சோதனை வயலில் கட்டைகளை நட்டு, பிடுங்கி, தட்டிப் பார்த்து, மறுபடி நட்டு வைக்கிற வேலை. இங்கே சொல்வதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிந்ததன் காரணமும் கையில் இருந்தால், வீட்டுக்காரரிடமும் மரவாடிக்காரரிடமும் பேசுவதற்கு உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கறையான் எறும்பு இனம் இல்லை; கரப்பான்பூச்சிக்கு நெருங்கிய உறவு. உலகத்தில் சுமார் 3000 வகைகள் உண்டு. கட்டடத்துக்குக் கேடு செய்பவை அவற்றில் சிறு பகுதிதான். மற்றவை காட்டிலும் வயலிலும் சருகையும் சாணத்தையும் பட்ட மரத்தையும் மண்ணாக்கிக் கொடுக்கின்றன. நம் பக்கத்தில் புற்று எழுப்பும் ஒடன்டோடெர்மஸ் வகை, புற்றுக்குள் காளான் தோட்டம் வைத்து வளர்க்கிறது. தென்னையின் அடியில் மண் பூசினாற்போல் ஏறியிருப்பது பெரும்பாலும் இதன் வேலைதான். அந்த மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். உயிருள்ள பாகத்தை விட்டுவிட்டு, காய்ந்து செத்த மேற்புறத்தை மட்டும் சீவியிருக்கும். காப்டோடெர்மஸ், ஹெட்டிரோடெர்மஸ் என்ற வகைகள் இப்படி மேலே மேய்வதோடு நிற்பதில்லை. மரத்துக்குள் புகுந்து, வெளித்தோலைக் காகிதம் போல விட்டுவைத்து, உள்ளே குடைந்துகொண்டே போகும்.

இவை எல்லாவற்றிலும் மரத்தைக் கடிக்கிற வேலைக்காரக் கறையானுக்குக் கண் கிடையாது. தோலும் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் கழிவையும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு, ஈரத்தையும் கூடவே கொண்டு வருகிறது. கழிவறைச் சுவரை ஒட்டிய நிலையும், தண்ணீர்க் குழாய் கசியும் இடத்தில் உள்ள அலமாரியும் முதலில் போவதற்குக் காரணம் இந்த ஈரம்தான்.

இனி வெள்ளைக்கு வருகிறேன்.

உயிரோடு நிற்கிற மரத்தில் வெளிவட்டமான வெள்ளைதான் வேலை செய்கிற பாகம். வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது அது. இலை சமைத்த சாப்பாட்டை மாவாகவும் சர்க்கரையாகவும் சேமித்து வைப்பதும் அதில்தான். மரம் பருக்கப் பருக்க, உள்வட்டத்தில் உள்ள வெள்ளைக்கு வேலை இல்லாமல் போகிறது. அப்போது மரம் அதைச் சும்மா விடுவதில்லை. அங்கே உயிரோடு இருந்த கடைசிச் செல்கள், மிச்சமிருக்கும் மாவைச் செலவழித்து, கசப்பும் நெடியும் நிறமும் உள்ள வேதிப்பொருள்களைச் செய்து சுற்றிலும் ஊறவிட்டுவிட்டுச் சாகின்றன. பல மரங்களில் தண்ணீர்க் குழல்களும் அடைபட்டுப் போகின்றன. இப்படித்தான் வைரம் பாய்கிறது. சாப்பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நஞ்சை வைக்கிற வேலை அது. நூறு வருஷம் நிற்க வேண்டிய மரம் தன் நடுத்தண்டைப் பூஞ்சையும் பூச்சியும் தொடாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் நாம் அறுத்துக் கதவாக்கிக்கொள்கிறோம்.

தேக்கை இழைக்கும்போது தோல் வாசனை மாதிரி ஒன்று எழும்புகிறதே, கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறதே, அந்த வைரத்துக்குள் டெக்டோகுவினோன், லபச்சால் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. டெக்டோகுவினோனைக் கறையான் சகிப்பதில்லை. வேங்கையிலும் செம்மரத்திலும் டெரோஸ்டில்பீன் என்ற பொருள் உண்டு. வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவது வைரத்தில் ஊறிய பொருள்கள் கரைந்து இறங்குவதால்தான். ஈட்டியும் கோங்கும் இருளும் சாலும் ஆளுக்கொரு சரக்கை உள்ளே வைத்திருக்கின்றன. ஆனால் இந்தச் சரக்கில் எதுவும் வெள்ளையில் சொல்லும்படியாக இல்லை. தேக்கின் வெள்ளையும் மாமரத்தின் வெள்ளையும் கறையானுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தேக்குக்குக் கன அடிக்கு இவ்வளவு, மாவுக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறோம். கறையானுக்கு அந்த விலைப்பட்டியல் தெரியாது. வாங்குகிறவர் காசு கொடுப்பது வைரத்துக்கு. அவர் வீட்டுக்குப் போவதில் எத்தனை பங்கு வெள்ளை என்பது உங்கள் கையிலும் அறுவை மில்காரர் கையிலும் இருக்கிறது.

மரத்தின் ஆயுளை எப்படி அளக்கிறார்கள் என்று சொல்கிறேன். 60 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம் உள்ள கட்டையை, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக வயலில் வரிசையாக நடுவார்கள். பார்க்கக் கல்லறைத் தோட்டம் மாதிரியே இருப்பதால் அதற்குக் கல்லறைச் சோதனை என்றே பெயர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு மரங்களை இப்படித்தான் தரம் பிரித்தது. சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ தாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதம் வரை தாங்கினால் நடுத்தரம், 60 மாதத்துக்குக் கீழே போனால் கடைசி வகுப்பு. தேக்கு, சால், வேங்கை, ஈட்டி, கோங்கு எல்லாம் முதல் வகுப்பு. மாவும் இலவமும் ரப்பரும் கடைசி வகுப்பு. இந்தப் பட்டியலை மரவாடிகளில் பெருமையாகச் சொல்வார்கள். அது முழுக்க வைரத்தை மட்டும் நட்டுப் பார்த்து எழுதியது என்பதை யாரும் சொல்வதில்லை. எந்த மரமாக இருந்தாலும் வெள்ளை கடைசி வகுப்புதான்.

வயலில் பிடுங்கிய ஒரு கட்டையை உங்கள் கையில் கொடுத்தால் இதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்காது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளை ஓடிய தேக்குக் கட்டை அது. மண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழேதான் சேதம் அதிகம். அங்கே ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. மேலே ஒட்டிய மண் பூச்சை விரலால் தள்ளினால், அந்த மூலை முழுக்கக் காணாமல் போய், வைரத்தின் எல்லையில் கத்தியால் கோடு போட்டாற்போல் நின்றிருக்கும். வைரத்தின் மேல் அங்கங்கே கொறித்த தடம் தெரியும். கடித்துப் பார்த்துவிட்டு விட்டுப்போன தடம். பக்கத்தில் நட்ட பைன் கட்டையை எடுத்தால் கதை வேறு. வளர்ச்சி வளையங்களில் மெத்தென்ற பகுதியை மட்டும் தின்றுவிட்டுக் கெட்டியான பகுதியை ஏடு ஏடாக விட்டிருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் சரசரவென்று உதிரும். கெட்டியான மரத்தைக் கடிக்க நேரம் ஆகும், அவ்வளவுதான். கெட்டியாக இருப்பதாலேயே ஒரு மரத்தைக் கறையான் விட்டுவிடாது. சவுக்கைப் பாருங்கள். ஆணி இறங்காத கனம். ஆனால் மண்ணில் நட்ட சவுக்குக் கால் எத்தனை நாள் நிற்கும் என்று பந்தல்காரரைக் கேட்டால் சொல்வார்.

கறையான் விரும்புவது ஒன்று, தின்ன முடியாதது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் வாக்குறுதிகள் பொய்த்துப் போகின்றன. ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதிரி சோதனை செய்வோம். ஒன்றில் பல மரத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, எதற்கு முதலில் போகிறது என்று பார்ப்போம். இன்னொன்றில் ஒரே ஒரு மரத்தைக் கொடுத்து, வேறு எதுவும் இல்லாமல் விட்டுவிடுவோம். முதல் சோதனையில் தொட்டுக்கூடப் பார்க்காத மரத்தை இரண்டாவது சோதனையில் வேறு வழியில்லாமல் தின்னும். பசிக்கிற கூட்டத்துக்குத் தராதரம் குறைந்துபோகும். சுற்றிலும் தோட்டமும் சருகும் இருந்த இடத்தில் ஐம்பது வருஷம் நின்ற நடுத்தர மரம், எல்லாப் பக்கமும் சிமென்ட் போட்டு மூடிய மனையில் அவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. “கறையானே தொடாது, நான் உத்தரவாதம்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். “இந்த வைரத்தை அது கடைசியாகத்தான் தொடும்” என்று சொல்லுங்கள். அது உண்மை.

விருப்பத்தில் இன்னும் இரண்டு சங்கதி உண்டு. பூஞ்சை பிடித்து இற்ற மரம் கறையானைக் கூப்பிடுகிறது. 1960-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வு செய்தவர்கள், ஒருவகைப் பூஞ்சை தாக்கிய மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கோடாக இழுத்தால் கறையான்கள் அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாக நடப்பதைக் கண்டார்கள். கறையான்கள் தங்களுக்குள் தடம் காட்ட விடும் வாசனையும் அதே பொருள்தான் என்று பிறகு தெரிந்தது. மழையில் நனைந்து கறுத்த பலகையை, “உள்ளேதானே போகிறது” என்று நிலைக்குப் பின்னால் ஆப்பாக அடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கறையான் கடிக்கும்போது மரத்தில் எழும் அதிர்வை உணர்ந்து, அந்தத் துண்டு பெரிதா சிறிதா என்று கணிக்கிறது. உலர்மரக் கறையானை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2005-இல் வெளியிட்டார்கள். கண் இல்லாத பூச்சி தட்டிப் பார்த்து மரத்தை எடை போடுகிறது. அறுவை மில்லில் கட்டையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உலர்மரக் கறையான் என்றேனே, கடலோர மாவட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மண்ணும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஈசலாகப் பறந்து வந்து சட்டத்தின் வெடிப்பிலோ ஆணித் துளையிலோ புகுந்து, மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கட்டிலுக்கு அடியில் கசகசா கொட்டினாற்போல் பொடி மணிகள் கிடந்தால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு பட்டையாக, செதுக்கினாற்போல் இருந்தால் உலர்மரக் கறையான். வெறும் மாவாக உதிர்ந்தால் அது உளு என்கிற வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. உளு வெள்ளையில் உள்ள மாவுச்சத்துக்காகவே வருகிறது. மரத்தையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்த மாவைக் குறைத்துவிடுவதால், உளுவுக்கு அது நல்ல வைத்தியம். கறையான் மரத்தின் நாரையே தின்கிற பூச்சி. ஊறப்போட்டது போதும் என்று அதன் விஷயத்தில் இருந்துவிட முடியாது.

நாட்டு மரங்களைப் பற்றி உங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். வேம்புக்குக் கறையான் வராது என்பதில் பாதி உண்மை. பூச்சியை விரட்டுவதில் பேர்பெற்ற வேம்பின் பொருளான அசாடிராக்டின் செறிந்திருப்பது விதையில். மரத்தின் வைரம் நடுத்தரமாகத் தாங்கும். இளவேம்பின் வெள்ளையை நான் வயலில் நட்டால் மற்ற வெள்ளையைப் போலத்தான் போகும். தோட்டத்து வேம்பை வெட்டி ஜன்னல் செய்யச் சொல்கிறவர்களிடம், எத்தனை வயசு மரம் என்று முதலில் கேளுங்கள். பலாவின் மஞ்சள் வைரமும் பூவரசின் கருஞ்சிவப்பு வைரமும் நன்றாகத் தாங்கும். இரண்டும் இன்றைக்குக் கிடைக்கிற விலைக்கு மிக நல்ல மரம் என்பது என் அபிப்பிராயம். கருவேலின் வைரம் கலப்பைக்கும் வண்டிக்கும் எதற்காகப் போனதோ அதே காரணத்துக்காக நிலைக்கும் போகலாம். அதன் வெளிவட்டத்தை மட்டும் தாட்சண்யம் இல்லாமல் சீவிவிட வேண்டும்.

பனை தனிக்கதை. தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் வெளியே உள்ளதைப் புல் என்றும் உள்ளே உள்ளதை மரம் என்றும் இரண்டாகப் பிரித்து வைத்தது. கட்டடத்தில் அந்தப் பிரிவு இன்றைக்கும் அப்படியே செல்லும். பனையில் கறுத்த நார் நெருங்கிய வெளிவட்டம்தான் வைரம். நடுவில் இருக்கிற பனஞ்சோறு கறையானுக்குச் சோறுதான். முற்றிய பனையைப் பிளந்து, சோற்றைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டுக் கை போட்ட பழைய ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. மற்ற மரத்தில் வெளியைச் சீவுகிற கை, பனையில் உள்ளைச் சீவ வேண்டும். தென்னையைப் பனை என்று நினைத்து அதே நம்பிக்கை வைக்க வேண்டாம். வெளிப்புறம் கெட்டியாக இருந்தாலும் அது மண்ணையும் ஈரத்தையும் தாங்குகிற சாதி இல்லை.

இப்போது வருகிற தேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்துவிட்டு, “தேக்கு என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். அது காட்டில் பல தலைமுறை நின்று முற்றிய மரம். மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை 2014-இல் நிறுத்தியது. இன்று நம் மரவாடிகளில் கிடப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்தது, அல்லது நம் ஊர்த் தோட்டத்தில் பதினைந்து இருபது வருஷத்தில் வெட்டியது. தோட்டத்தில் வளர்வதால் மரம் கெட்டுப்போவதில்லை. கேரளத்து நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி போட்ட தோட்டத்துத் தேக்கு இன்றைக்கும் உலகப் புகழ் பெற்றதுதான். வயசுதான் கணக்கு. இளமரத்தில் வெள்ளையின் பங்கு அதிகம். இருக்கிற கொஞ்ச வைரத்திலும் சரக்கு முழுசாக ஊறியிருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே மரத்துக்குள்ளும் நடுமையத்தை ஒட்டிய வைரம் மரம் குழந்தையாக இருந்தபோது உண்டானது, அது பலவீனம். வெள்ளைக்கு அடுத்து உள்ளே இருக்கிற வெளிவைரம்தான் மிகவும் பலம். மையம் விழுந்த சட்டத்தை வெடிக்கும் என்று ஒதுக்குகிறீர்கள். கறையானுக்காகவும் அதை ஒதுக்கலாம்.

அப்படியென்றால் வெள்ளையை எல்லாம் விறகுக்குப் போட வேண்டுமா? இன்றைய விலைக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளையிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது, மருந்தைக் குடிக்கும். குழல்கள் திறந்தே இருப்பதால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வைரம் குடிக்காது, அதற்குத் தேவையும் அதிகம் இல்லை. கன்னியாகுமரி, கேரளப் பக்கம் ரப்பர் மரத்தைப் பாருங்கள். உடம்பெல்லாம் மாவும் சர்க்கரையும்; வெட்டிய சில நாளில் பூஞ்சை, பிறகு உளு, பிறகு கறையான். ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை ஏற்றிச் சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு அதே மரம் கட்டிலாகவும் மேஜையாகவும் வீட்டுக்குள் வந்துவிட்டது. போரான் மருந்து பச்சை மரத்தில் ஈரத்தோடு ஈரமாக உள்ளே பரவும். மரத்தை முக்கி எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடிச் சில வாரம் வைத்தால் ஆழம் வரை போகும். ஆனால் மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும், எனவே வீட்டுக்குள் உள்ள மரத்துக்கு மட்டும். காய்ந்த சட்டத்தின் மேல் பிரஷ்ஷால் ஒரு கை இழுத்துவிட்டு மருந்து அடித்தாயிற்று என்று சொன்னால், மருந்து நகக்கண் அளவுகூட இறங்கியிருக்காது. கழிவு ஆயிலும் தாரும் அப்படித்தான். மேலே ஒரு தோல். ஆணி அடித்த இடத்திலும் வெடித்த இடத்திலும் அந்தத் தோல் கிழிந்துவிடும்.

மண்ணில் நிற்க வேண்டிய கம்பத்துக்கு வேறு மருந்து. டேராடூனில் வேலை பார்த்த சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து, மரத்துக்குள் போனதும் கரையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க மின்கம்பமும் வேலிக்காலும் அதில் முங்கி எழுந்தன. இதை அழுத்தக் கலனில் வைத்துத்தான் ஏற்ற முடியும், பட்டறையில் செய்கிற காரியம் இல்லை. ஆர்சனிக் இருப்பதால் வீட்டு உபயோகத்துக்கு அமெரிக்கா 2003-இன் முடிவோடு நிறுத்திக்கொண்டது. அப்படி மருந்து ஏற்றிய பழைய கம்பம் கையில் கிடைத்தால், அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். துண்டுகளை அடுப்பில் போடவே கூடாது, புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

பிளைவுட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. “கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பிரியாது” என்பது பசையைப் பற்றிய பேச்சு. கறையான் பசையைத் தின்ன வருவதில்லை, நடுவில் உள்ள மரத்தைத் தின்ன வருகிறது. மேலே தேக்கு வீனர் ஒட்டியிருந்தால், அது காகிதக் கனத்துக்குத்தான் தேக்கு. நடுப்பலகைக்கு மருந்து ஏற்றியிருக்கிறதா என்று கேட்டு, இந்தியத் தரமுத்திரையும் எண்ணும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

மரம் மட்டும் தனியாக நின்று கறையானோடு சண்டை போடாது. பழைய திண்ணைத் தூண்கள் தரையில் நிற்பதில்லை, கல் பீடத்தின் மேல் நிற்கும். வாசக்காலுக்கு அடியில் கருங்கல் படி இருக்கும். மரத்தின் நுனித்தலை மண் ஈரத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்து செய்த கட்டு அது. குழல்கள் முடிகிற இடம் அந்த நுனி. ஈரத்தை உறிஞ்சுவதும் அங்கேதான், கறையானுக்கு வழி திறந்திருப்பதும் அங்கேதான். இன்று நிலையின் காலைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, கான்கிரீட் போட்டு இறுக்கி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம். கான்கிரீட்டுக்குள் இருக்கிற அந்த நாலு விரல் மரத்தை இனி யாரும் பார்க்க முடியாது. சென்ட்ரிங் பிரித்த பலகைத் துண்டுகளையும் சவுக்கு முட்டுகளையும் தரைக்கு அடியில் போட்டு மண் தள்ளி மூடுவது இதைவிடக் கேடு. நிலைக்குப் பக்கத்திலேயே கூட்டத்துக்கு விருந்து வைத்துக் கூப்பிட்ட மாதிரி ஆகும். அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து விடுவதற்கு இந்தியத் தரநிலை 6313 முறை வகுத்திருக்கிறது. அது கட்டுகிறவர் பொறுப்பு. ஆனால் நீங்கள் நிலை நிறுத்தப் போகும்போது “மண்ணுக்கு மருந்து விட்டீர்களா” என்று ஒரு கேள்வி கேட்டால், அதை நினைத்தே பார்க்காத வீட்டில்கூட அது நடக்கும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. சட்டத்தில் வெள்ளை இருந்தால் சீவி எடுங்கள். சீவினால் அளவு குறையும் என்றால் அறைப்பக்கம், கண்ணில் படுகிற பக்கம் திருப்புங்கள். கறையான் வந்தால் அங்கே தெரியும், தெரிந்தால் நிலை பிழைக்கும். சுவர்ப் பக்கமும் அடிக்காலும் முழு வைரமாக இருக்கட்டும். நிறம் இரண்டாகத் தெரிகிறதே என்று வீட்டுக்காரர் கேட்டால், அப்போதுதான் உங்களுக்குப் பேசக் கிடைத்த நேரம். பட்டையிலிருந்து மையம் வரை ஒரு துண்டை அறுத்து இழைத்துப் பட்டறையில் வைத்திருங்கள். “இது வெள்ளை, இது வைரம், நீங்கள் காசு கொடுப்பது இதற்கு” என்று விரல் வைத்துக் காட்டுங்கள். வெள்ளை தெரிகிற கதவை ஒட்டுக் கதவு என்று நினைக்கிற பேச்சு அதன் பிறகு குறையும்.

மதிப்பீடு எழுதிக் கொடுக்கும்போது “தேக்கு, இத்தனை கன அடி” என்று நிறுத்தாமல், “வைரம் இவ்வளவு, வெள்ளை இவ்வளவு, வெள்ளைக்கு மருந்து ஏற்றியது அல்லது ஏற்றாதது” என்று அதே வரியில் எழுதுங்கள். ஒரு ஊரில் நாலு தச்சர்கள் அப்படி எழுத ஆரம்பித்தால், மரவாடிக்காரரும் அதே கணக்கில் மரத்தைப் பிரித்து அடுக்க வேண்டி வரும். இளமரத்தை முற்றிய மரத்தின் விலைக்குக் கொடுக்க அவருக்கு வழி இருக்காது. வருகிற தை மாதத்தில் நிலை வைக்கிற வீடுகளுக்கு இப்போதே மரம் அறுக்க ஆரம்பித்திருப்பீர்கள். அந்தச் சீட்டிலேயே தொடங்கலாம்.

அன்புடன்,
மரச்சோதனை வயலில் வேலை பார்த்த உங்கள் தோழர்